இடுப்பில் இருந்தால் சாதனம், கட்டில் பக்கத்தில் இருந்தால் சிகிச்சையா? காப்பீட்டு ஆணையத்துக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். காயில் எரிந்த மோட்டார், புஷ் தேய்ந்த மோட்டார், தண்ணீர் ஏறாத மோட்டார் என்று சுற்று வட்டாரத்துக் கரும்புக்காரர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். இருபது வருஷமாகப் பம்புதான் பிழைப்பு. 2024 ஜூன் முதல் வீட்டிலும் ஒரு பம்பு இருக்கிறது. இன்சுலின் பம்பு, குளியல் சோப்பு அளவுதான். என் மகளின் இடுப்பில் மாட்டியிருக்கிறது. அதற்குக் காப்பீடு கிடைக்காததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும் என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். எனக்குப் பாலிசி விற்றவர் தமிழில்தான் விற்றார். ஐதராபாத்தில் உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை நடக்கிற மாதங்களில் தெருவெல்லாம் பாகு வாசனை வரும். சர்க்கரை ஆலை ஊரில் பிறந்த பிள்ளைக்குச் சுகர் வராமல் என்ன வரும் என்று ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் மனைவி சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். பாப்பாவுக்கு வந்தது தின்று வந்த சுகர் இல்லை. டைப் 1. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாகப் போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிட்டது. மாத்திரை, கஷாயம், பத்தியம் எதுவும் அந்தச் செல்களைத் திருப்பிக் கொண்டுவராது. வெளியிலிருந்து இன்சுலின் போனால்தான் உயிர்.

2021-ல், எட்டு வயதில், அது தெரியவந்தது. ஒரு வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், இளைத்தாள், ஒரு காலை வாந்தி எடுத்துவிட்டு மூச்சு இரைக்க ஆரம்பித்தாள். கடலூரில் பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். புதுச்சேரி எல்லையில் முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டும்போது கண்ணைத் திறக்கவில்லை. நான்கு நாள் ஐசியூ. அந்தப் பில்லை என் காப்பீட்டு நிறுவனம் ஒரு கேள்வி கேட்காமல் கட்டியது. அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது. அதனால்தான் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இன்னொரு காரணம், மற்ற நிறுவனங்களின் பாலிசிகளையும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டேன். பெரும்பாலானவற்றில் இதே வாசகம்தான் இருக்கிறது. ஆகவே பேச வேண்டியது உங்களிடம்.

அந்த ஐசியூவில் ஒன்றைக் கவனித்தேன். தொழில் புத்தி, பிள்ளை படுத்திருக்கும்போதும் கண் மெஷின் பக்கம் போகிறது. கட்டில் பக்கத்தில் கம்பியில் ஒரு சிரிஞ்சுப் பம்பு மாட்டியிருந்தது. மணிக்கு இத்தனை யூனிட் என்று எண்ணைத் தட்டிவிட்டால், அது பாட்டுக்கு இன்சுலினை மெல்லிய குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பாப்பா கண் விழித்தது அந்தப் பம்பால். குழாய், ஊசி, இன்சுலின் எல்லாம் பில்லில் இருந்தது. எல்லாம் பாஸ் ஆனது.

மூன்று வருஷம் ஊசி போட்டோம். ஒரு நாளைக்கு நான்கு, சில நாள் ஐந்து. விடியற்காலையில் சுகர் ஏறும், விளையாடிவிட்டு வந்தால் சடாரென்று இறங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு 54 என்று காட்டும். மனைவி தூக்கக் கலக்கத்தில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பாள். டாக்டர்தான் பம்பைப் பற்றிச் சொன்னார். பம்பு எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஊசியிலேயே நன்றாக இருக்கிற பிள்ளைகளையும் அதே மருத்துவமனை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு இது சரியாக வந்தது, அவ்வளவுதான்.

பம்பை வாங்கிய பிறகுதான் அதன் வேலை எனக்குப் பிடிபட்டது. ஊசிக்காரர்கள் நாளுக்கு ஒருமுறை நீண்ட நேர இன்சுலின் ஒன்று போடுவார்கள். அது மேல்நிலைத் தொட்டி மாதிரி. கரண்ட் போனாலும் தொட்டியில் இருப்பது கொஞ்ச நேரம் வரும். பம்பில் அந்தத் தொட்டி கிடையாது. வேகமாக வேலை செய்கிற ஒரே வகை இன்சுலினைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை துளித்துளியாகத் தள்ளுகிறது. சாப்பாட்டுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நேரடி இறைப்பு. மோட்டார் நின்றாலோ பைப் கழன்றாலோ கையிருப்பு எதுவும் இல்லை. சில மணி நேரத்தில் கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேர்கிற அமிலம், ஏற ஆரம்பித்துவிடும். பிறகு பழைய ஐசியூதான்.

அந்தப் பைப்பைத்தான் இன்ஃப்யூஷன் செட் என்கிறார்கள். ஒரு முனை பம்பில் இருக்கும் மருந்துக் குப்பியில் மாட்டும். மறுமுனையில் பிளாஸ்திரி ஒட்டிய வட்டம், அதன் அடியில் தோலுக்குள் போகிற ஒரு மிருதுவான சின்னக் குழாய். பாப்பாவுக்கு 6 மில்லிமீட்டர் நீளம். ஊசி அதை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே வந்துவிடும், குழாய் மட்டும் தங்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதற்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் தோல் சிவக்கும், சீழ் பிடிக்கும், இன்சுலினும் சரியாக உள்ளே போகாது. ஏழு நாள் தாங்கும் செட்டும் வந்திருக்கிறது, ஆனால் எங்கள் பம்புக்கு மூன்று நாள் செட்தான். வருஷத்துக்கு 122. வியர்வையில் பிளாஸ்திரி உரிவது, கபடியில் பிய்ந்துபோவது, மாட்டும்போதே வளைவது எல்லாம் சேர்த்தால் மாதம் பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். கடலோர மாவட்டம், சித்திரை வெயிலில் எந்தப் பசையும் நிற்பதில்லை என்பதைப் பம்பு செய்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். முதல் மூன்று நாள் இன்சுலின் இல்லை, வெறும் சலைன் வைத்துப் பழக்கினார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை உடனே ஏற்றாதீர்கள், குளிர்ச்சி போகட்டும், இல்லாவிட்டால் குழாயில் குமிழி வரும் என்றார். குழாயில் காற்று இருந்தால் அந்த நீளத்துக்கு மருந்து போகாது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏர்லாக்! முப்பது அடி பைப்பில் நான் தினம் பார்ப்பதை, நூல் மாதிரிக் குழாயில் அந்தப் பெண் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, இதுக்கும் வாய் வெச்சு உறிஞ்சணுமா?" என்று பாப்பா கேட்டாள்.

பம்பு தொடங்கப்போகிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஆணையத்தினர் பொறுத்துக்கொள்ளவும். செட்டைப் படுக்கப்போகும் முன் மாற்றாதீர்கள். காலையில் மாற்றுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சுகர் பாருங்கள். வயிறு, தொடை, பின்புறம் என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே இடம் என்றால் கட்டி தட்டும். வீட்டு இட்லியை ஒருநாள் தராசில் வையுங்கள். ஒவ்வொரு வீட்டு இட்லியும் ஒவ்வொரு கணக்கு, புத்தகத்தில் இருக்கிற இட்லி உங்கள் தட்டில் இருக்காது. அப்புறம், பம்பு மக்கர் பண்ணினால் போடுவதற்கு இன்சுலின் பேனாவோ சிரிஞ்சோ எப்போதும் கைவசம் இருக்கட்டும். சிரிஞ்சு வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள். பம்புக்கு ஊற்றுகிற மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் ஊர் மருந்துக்கடைகளில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் சகஜமாகக் கிடைக்கும். 100 மருந்தை அதில் இழுத்தால் கோட்டுக் கணக்கைவிட இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஆரஞ்சு மூடியைக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் ஒரு கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பம்பின் விலை சில லட்சம். மனைவியின் நகை, என் தம்பியின் உதவி, ஒரு கடன். அது போகட்டும், ஒருமுறைச் செலவு. பில்லையும் டாக்டர் சீட்டையும் வைத்துக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். கூடவே முதல் இரண்டு பெட்டி செட்டுக்கும். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பம்பு மாட்டியபோது நோயாளி 24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லை. இது மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் சாதனம். செட் அந்தச் சாதனத்தின் உதிரிப் பாகம். பம்பு, செட் இரண்டும் பாலிசியில் விலக்கப்பட்டவை.

உதிரிப் பாகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பேரிங் உதிரிப் பாகம், கெப்பாசிட்டர் உதிரிப் பாகம். கெட்டால் மாற்றுவோம், கெடாவிட்டால் பத்து வருஷம் ஓடும். மூன்று நாளைக்கு ஒருமுறை, கெட்டாலும் கெடாவிட்டாலும், உடம்புக்குள் புதிதாக ஏற்ற வேண்டியது உதிரிப் பாகம் இல்லை. ஐசியூவில் பில் போட்ட அந்தக் குழாய் செய்த அதே வேலையை இது செய்கிறது. அதே இன்சுலின், அதே மெதுவான இறைப்பு, அதே பிள்ளை. கம்பியில் தொங்கினால் சிகிச்சை. இடுப்பில் மாட்டினால் சாதனம்.

பதில் கடிதத்தைப் பார்த்த ஒருவர், அனுபவசாலி, எனக்கு வழி சொன்னார். "பம்பு மாட்டுறப்ப ஒரு நாள் அட்மிட் போட்டிருக்கலாமே, நானா இருந்தா அதைத்தான் செய்வேன்." நோயில்லாத ஒரு நாளுக்குக் கட்டில் வாடகை, நர்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நிறுவனம் கூடுதலாகக் கட்டியிருக்கும், அந்தக் கட்டிலுக்குக் காத்திருந்த வேறொரு பிள்ளை வெளியே நின்றிருக்கும். அப்படிச் செய்தாலும் சாதனம் என்ற காரணம் அப்படியே இருக்கும் என்பது வேறு. ஆனால் ஒரு விதி இருக்கிற விதத்தில் நேர்மையான ஆளுக்கு இந்த யோசனை வருகிறது என்றால், விதியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்பீர்கள். சென்னை அலுவலகத்தின் கீழ்தான் நாங்களும் வருகிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியும் காரைக்காலும் வருகின்றன. போகலாம். ஆனால் அவர் பாலிசியில் எழுதியிருப்பதை நிறுவனம் மீறியதா என்றுதான் பார்ப்பார். நிறுவனம் மீறவில்லை. எழுதியிருப்பதே அப்படி. எழுதியிருப்பதை மாற்றச் சொல்லும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

செட் வாங்கப் பணம் இல்லாத மாதத்தில் என்ன நடக்கும் என்று கேட்டீர்களானால், ஒன்றும் நடக்காது. மூன்று நாள் செட் ஐந்து நாள் ஓடும். நாங்களும் ஓட்டியிருக்கிறோம். 2025 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, நான்காம் நாள் செட். படுக்கும்போது 160. ஒரு மணிக்குப் பாப்பா தண்ணீர் கேட்டாள். பார்த்தால் 342. பம்பில் கணக்குப் போட்டு மருந்து கொடுத்தேன். இரண்டு மணிக்கு 370. திரும்பவும் கொடுத்தேன். மூன்று மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள், கீட்டோன் ஏறியிருந்தது. பம்பு ஒரு சத்தமும் போடவில்லை. திரையில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருப்பதாகவே காட்டியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெலிவரி பைப் அடைத்தால் மோட்டார் முக்கும், தெரிந்துவிடும். பைப் உடைந்து தண்ணீர் வழியில் கொட்டினால் மோட்டாருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். பம்பின் அலாரமும் அழுத்தத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறது. மருந்து தோலுக்கு வெளியே கசிந்தால் அதற்கு அழுத்தம் ஏறாது. இருபது வருஷத் தொழில்காரன், கையில் குழாயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மோட்டாரை நம்பியிருக்கிறேன். சிரிஞ்சில் ஊசி போட்டோம், அப்புறம் செட்டைப் பிடுங்கினேன். பிளாஸ்திரியின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தேன், இன்சுலினுக்கென்று ஒரு மருந்து நெடி உண்டு, அது. தோலுக்குள் இருக்க வேண்டிய குழாய் தூண்டில் முள் மாதிரி மடங்கிக் கிடந்தது. புதுச் செட் மாட்டி, விடிய விடியத் தண்ணீர் கொடுத்து, ஆறு மணிக்கு 190-க்கு வந்தது. டாக்டர் போனில் கூடவே இருந்தார். இல்லாவிட்டால் மறுபடியும் முள்ளோடை.

அன்று ஐசியூவுக்குப் போயிருந்தால் என் நிறுவனம் பில்லைக் கட்டியிருக்கும். 2021 பில்லை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தப் பணத்தில் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குச் செட் வாங்கலாம்.

ஃபெஞ்சல் புயலைப் பற்றியும் ஒரு வரி. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கத்தைச் சூழ்ந்தது. கூரியர் வரவில்லை. கையில் இருந்தது இரண்டு செட். கரண்ட் இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டுக் காப்பாற்றினோம், அது என் அம்மாவின் யோசனை. செட்டுக்கு அப்படி ஒரு யோசனை யாரிடமும் இல்லை. ஒரு மாதச் செட்டாவது கூடுதலாக வீட்டில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். கைக்காசில் வாங்குகிறவன் எங்கே சேர்த்து வைப்பது?

கேட்பது இதுதான்.

2019-ல் நீங்கள் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியல் போட்டு, இவற்றைப் பாலிசியில் விலக்கக் கூடாது என்றீர்கள். ரோபோ அறுவை, மூளைக்குள் மின்தூண்டல் எல்லாம் அதில் இருக்கிறது. வாய்வழியாகச் சாப்பிடுகிற புற்றுநோய் மாத்திரையும் இருக்கிறது. அதை யாரும் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் விழுங்க வேண்டும் என்று இல்லை. ஆகவே உங்களால் முடியும். டைப் 1 என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு, பம்பின் செட்டையும் மருந்துக் குப்பியையும் இன்சுலினோடு சேர்த்து மருந்து என்று அந்த வரிசையில் கொண்டுவாருங்கள். பம்பின் விலையைக்கூடப் பிறகு பேசலாம். வருஷத்துக்கு உச்சவரம்பு வையுங்கள், எங்கள் பங்காக ஒரு சதவீதம் கட்டச் சொல்லுங்கள், மறுப்பில்லை.

காப்பீடு என்பது எதிர்பாராததற்கு, மாதாமாதம் வருகிற செலவுக்கு இல்லை என்று நிறுவனங்கள் சொல்லும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படியென்றால் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு தனியாக ஒரு இணைப்பாக விற்கச் சொல்லுங்கள். நான் விசாரித்தவரை, வெளிநோயாளிச் செலவுக்கு என்று தருகிற இணைப்புகளின் வரம்பு இரண்டு மாதச் செட்டுக்குக் காணாது. 2025 செப்டம்பரில் தனிநபர் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி போனதே, அந்த மிச்சத்தை அப்படியே இதில் போடத் தயாராக இருக்கிறேன்.

இன்னொன்று, இதற்குப் பணமே தேவையில்லை. 2024 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பாலிசியோடும் எளிய மொழியில் வாடிக்கையாளர் தகவல் தாள் கொடுக்க வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நல்ல காரியம். அதில் ஒரு வரி சேருங்கள்: இன்சுலின் பம்பும் அதன் செட்டும் இந்தப் பாலிசியில் உண்டா, இல்லையா. உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று. நகையை அடகு வைப்பதற்கு முன் அதைப் படித்திருந்தால் கடனைக் கொஞ்சம் பெரிதாக வாங்கியிருப்பேன், நான்காம் நாள் செட்டை மாட்டிக்கொண்டு பிள்ளையைத் தூங்க விட்டிருக்க மாட்டேன்.

அதே 2024-ல், எந்த நோய் இருப்பவருக்கும் பாலிசி கிடைக்கும்படி திட்டங்கள் இருக்க வேண்டும் என்றும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம் என்றும் சொன்னீர்கள். என் பாலிசி நோய்க்கு முன் எடுத்தது, தப்பித்தேன். மருத்துவமனை வராந்தாவில் நான் சந்திக்கிற பண்ருட்டிக்காரர், பாகூர்க்காரர் பலர், பிள்ளைக்கு டைப் 1 என்று வந்த பிறகுதான் பாலிசியைத் தேடுகிறார்கள். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை என்கிறார்கள். அதையும் விசாரியுங்கள்.

அன்று ராத்திரி பிடுங்கிய அந்தச் செட்டைப் பாப்பா தூக்கிப் போட விடவில்லை. கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாள். இந்தக் கடிதத்தோடு அதையும் ஒரு கவரில் போட்டு அனுப்புகிறேன். பயப்பட வேண்டாம், அதில் ஊசி கிடையாது, மடங்கிய குழாய் மட்டும்தான். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.